இடைவேளையில் எதிரணிக்காரி சொன்னது

போன வருடத்துக்கு முந்தின வருடம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், எங்கள் மட்டாஞ்சேரியில் நடந்தது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம். அதனால் நான் சொல்லச் சொல்ல அக்காதான் தட்டச்சு செய்கிறாள். நடுநடுவே "இதெல்லாம் எதுக்குடி?" என்று முறைக்கிறாள். ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு அரிசி மொத்த வியாபாரம். கீழே கடையும் கிட்டங்கியும், மேலே வீடு. காலையில் லாரிகள் வந்து வழியை அடைக்கும் முன்னால் எங்கள் சந்து காலியாகக் கிடக்கும். நான் ஓடிப் பழகியது அங்கேதான். பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்றால் எனக்குத்தான் முதலிடம் என்று மற்றவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். கால்பந்துக்கு வந்ததும் அந்தக் கால்களை நம்பித்தான். பி.டி. டீச்சர், "இவ்வளவு வேகம் இருக்கே, ஒரு பந்தையும் தந்து பார்ப்போம்" என்று இழுத்துவிட்டார். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னது: "எஞ்சின் இருக்கு, ஸ்டீயரிங் இல்ல." அவள் வாயை அடைக்க யாரால் முடியும்!

அந்த வாரம் ஒரு கிளப்பின் பெண்கள் அணிக்கு எங்கள் பக்கத்து மைதானத்தில் தேர்வு வைத்தார்கள். அணியில் எடுபட்டால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும். விடுதி, சாப்பாடு எல்லாம் கிளப்பே பார்த்துக்கொள்ளும். மற்ற ஊர்களில் நடந்த தேர்வுகளிலேயே பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிட்டன. இந்த மைதானத்திலிருந்து ஒரே ஒருத்தியைத்தான் எடுப்போம் என்று கோச் மேடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். முதல் நாள் உடல் திறன் சோதனை, மறுநாள் ஆட்டம். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு.

சோதனைகள் பலவிதம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஓடினால் கம்பத்திலிருக்கும் கருவியே நேரம் காட்டும். கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடவேண்டும். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கவேண்டும். கடைசியாக, பீப் என்று சத்தம் வரும் போதெல்லாம் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சத்தம் நெருங்கி நெருங்கி வரும், ஒவ்வொருத்தியாக விழுவாள்.

எனக்கு அன்றைக்குக் காலில் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் நான்தான் முதல். பீப் ஓட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் நின்ற பிறகும் நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். கிளப் ஆட்கள் என்னையும் கையிலிருந்த டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்த ஓட்டத்தில் முதலில் நின்றவர்களில் ஒருத்தி, கும்பளங்கியிலிருந்து வந்திருந்தாள். என் வயதுதான். கொஞ்சம் குள்ளம், தடித்த கெண்டைக்கால். பாதியிலேயே நின்று, கோட்டோரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் ஓடுவதை வேடிக்கை பார்த்தாள். நான் முடித்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பந்தே இல்லாம எதுக்கு எடீ இப்படி ஓடற? பின்னாடி பட்டி துரத்துதா?" என்றாள். பட்டி என்றால் எங்கள் ஊரில் நாய். எனக்கு மூச்சிரைப்போடு சிரிப்பும் வந்து புரையேறியது.

அவள் பேசியது மலையாளம். எங்கள் வீட்டுத் தமிழும் பாதி மலையாளம்தான் என்பதால் அவள் பேச்சை எங்கள் பேச்சாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் மழைமரத்து நிழலில் சேர்ந்து சாப்பிட்டோம். அவள் வேகவைத்த கப்பைக் கிழங்கும், தொட்டுக்கொள்ள உணக்கச் செம்மீன் சம்மந்தியும், அதாவது காய்ந்த இறால் துவையலும், கொண்டு வந்திருந்தாள். என்னிடம் இடியாப்பம். மாற்றிக்கொண்டோம். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் மீன் வளர்க்கும் கெட்டுகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் இருக்கிறதாம். அங்கேதான் சாயங்காலம் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஆடுவார்களாம். மூன்று பக்கமும் தண்ணீர். பந்தைக் கண்டபடி உதைத்தால் உதைத்தவரே நீந்திப் போய் எடுத்து வரவேண்டும். "அதான் எங்க ஊர்ல யாரும் சும்மா உதைக்க மாட்டாங்க. ஆள் எங்க போறாங்கன்னு பார்த்துத்தான் தருவோம்" என்றாள்.

பேச்சோடு பேச்சாக, அவளுக்கு இது கடைசித் தேர்வு என்று தெரிந்தது. "இது கிட்டலைன்னா பிராட்வேயில துணிக்கடையில நிக்கணும். அம்மா பேசி வெச்சாச்சு. காலேஜுக்கு அனுப்ப வீட்டுல கெதி இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் சொல்லி முடித்தபின் கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை. நான் அவளுக்கு இன்னொரு இடியாப்பத்தை எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் சோதனை முடிவுகளை எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். அத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு வந்தவர், போனவர், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர், ஆட்டோச் சேட்டன் என்று ஒருவரை விடாமல் போனைக் காட்டினார். "என் மவ பேரு எங்க இருக்குன்னு பாருங்க. மேலேருந்து பாருங்க, கீழேருந்து தேடாதீங்க!" என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் சாயா வரவழைத்தார். மூட்டையில் குத்திப் பார்த்து எடுத்த மணிகளை வைத்து மொத்த லோடையும் வாங்குகிற ஆள் அவர். மாதிரி நன்றாக இருந்தால் சரக்கும் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அந்த இரவு அந்தக் கணக்கில் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை ஆட்டம். எங்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். நான் ஒரு அணியில் முன்னால், வலது ஓரத்தில். கும்பளங்கிக்காரி எதிரணியில் பின்னால். என்னைத் தடுக்கவேண்டியது அவள் பொறுப்பு. எனக்கு உள்ளூர நிம்மதிதான். முந்தின நாள் கம்பங்களுக்கு நடுவே அவள் ஓடியதைப் பார்த்திருந்தேனே.

அல்லாஹ், அந்த முதல் பாதியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. எங்கள் ஆள் பந்தை எடுத்ததும் நான் பாய்வேன். நான் போய்ச் சேரும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். ஓடி வந்த அவசரமே இருக்காது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிற்பாள். பந்து வரும், அவள் காலில் ஒட்டும், தன் ஆளுக்கு நிதானமாகத் தள்ளிவிடுவாள். இடது பக்கம் ஓடிப் பார்த்தேன், அங்கேயும் அவள். இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தேன். வேகமாகப் போய் அவளிடமே பறிகொடுத்தேன், அவ்வளவுதான்.

அத்தா கடையை அடைத்துவிட்டு, சுமட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் யாரோ, "ஓட்டம் கொள்ளாம், பக்ஷே பந்து எவிடே?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஓட்டம் பரவாயில்லை, பந்து எங்கே என்று. அத்தா குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இடைவேளையில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் பைப்படியில் போய்த் தலையை நனைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே அவள் வந்தாள். எரிச்சல்தான் வந்தது. கேலி செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எடீ, நீ ஓடறதுக்கு முன்னாடி போகப்போற இடத்தைப் பார்த்துடற. உன் கண்ணைப் பார்த்து நான் முன்னாடியே போயிடறேன். இல்லாட்டி உன்னை நான் பிடிக்க முடியுமா?" என்றாள்.

நான் பைப்பை மூடினேன்.

"முதல்ல பந்தைக் கேட்டு உன் ஆள் பக்கம் ரெண்டடி வா. நான் உன்கூடவே வருவேன், வராம இருக்க முடியாது. அப்ப எனக்குப் பின்னாடி இடம் காலியாகும். சட்டுன்னு திரும்பி அங்க ஓடு. அங்க வந்துட்டா உன்னை யாரும் தொட முடியாது, நான் சத்தியமா தொட முடியாது."

எனக்கு முதலில் தோன்றியது, இது ஏதோ வலை என்றுதான். பஜாரில் பிறந்து வளர்ந்தவள் நான். எதிர்க்கடைக்காரன் சும்மா ஒரு தகவல் சொல்வானா? "இதை எதுக்கு என்கிட்ட சொல்ற?" என்று கடுப்பாகவே கேட்டேன்.

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "எங்க ஊர்ல அப்படித்தான். பாதி ஆட்டம் முடிஞ்சா, ஜெயிக்கிற பக்கம் தோக்கிற பக்கத்துக்கு ஒண்ணு சொல்லிக் கொடுக்கணும். இல்லாட்டி அவங்க பிணங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இருக்கிறதே கொஞ்சம் ஆள். பின்ன யார்கூட ஆடறது?" என்றாள்.

"இது உங்க ஊர் ஆட்டம் இல்ல. இங்க ஒரு ஆளைத்தான் எடுப்பாங்க."

"தெரியும். அதுக்காக? நீ இப்படி ஓடி ஓடித் தோக்கிறதைப் பார்த்துக்கிட்டு ஆடறதுல எனக்கு என்ன ரசம்?" என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனாள்.

இரண்டாம் பாதி தொடங்கியும் நான் அவள் சொன்னதைச் செய்யவில்லை. நம்பிக்கை வரவில்லை. பழையபடி பாய்ந்தேன், பழையபடி அவள் நின்றாள், பந்து போயிற்று. போகிற போக்கில் என்னைப் பார்த்து, 'சொன்னேனே' என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

அடுத்த முறை எங்கள் நடுவரிசைக்காரி பந்தை எடுத்ததும், வருவது வரட்டும் என்று கையைக் காட்டிக் கேட்டபடி பந்து வைத்திருந்தவளை நோக்கி வந்தேன். என் முதுகோடு ஒட்டிக்கொண்டு கும்பளங்கிக்காரியும் வந்தாள். அவள் மூச்சுக்கூடக் காதில் கேட்டது. சட்டென்று திரும்பி ஓடினேன். எதிரே ஒருத்தரும் இல்லை. பந்து தலைக்கு மேலே வந்து முன்னால் விழுந்தது. வெறும் புல்லும் கோல்கீப்பரும்தான். அடித்தேன், உள்ளே போயிற்று. வேலியோரம் அத்தாவின் கூச்சல் எல்லாக் கூச்சலுக்கும் மேலே கேட்டது.

திரும்பி வரும்போது அவள், "அதன்னே! அதுதான்!" என்று கையைத் தட்டினாள். தன் மேல் விழுந்த கோலுக்குத் தானே கை தட்டினாள். அவளுடைய அணிக்காரிகள் அவளை முறைத்தார்கள்.

பிறகு அதே மாதிரி இன்னும் நடந்தது. அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என்கூட வந்தால் பின்னால் இடம் விழும். வராமல் நின்றால் பந்து என் காலுக்கு வரும். துரத்தித் துரத்தி ஒரு கட்டத்தில் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். கிளப் ஆட்களில் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு டேப்லெட்டில் எதையோ தொட்டார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. அவள் சொல்லிக் கொடுத்தது ஏதோ ஒரு நுணுக்கம் இல்லை. அவளைத் தோற்கடிக்க இருக்கும் ஒரே வழி. அதை யாரும் பிடுங்கவில்லை, அவளாகவே என் கையில் தந்திருக்கிறாள்.

அதற்கடுத்து பந்து வந்தபோது கால் ஒரு கணம் தயங்கியது, உண்மைதான். "ஓடு எடீ!" என்று கத்தியது அவள்தான். ஓடினேன்.

முடிவைக் கோச் மேடம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார். என் பெயர்தான். அத்தா வேலியைத் தாண்டி உள்ளே வரப் பார்க்க, சுமட்டுக்காரர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மேடம் நல்ல மனுஷி. எடுபடாத ஒவ்வொருத்திக்கும் காரணம் சொன்னார். கும்பளங்கிக்காரியிடம், "முதல் பாதியில நீதான் மோளே இந்த மைதானத்திலேயே நல்ல ஆட்டக்காரி. ஆனா ரெண்டாம் பாதியில வேகமான ஆள்கிட்ட தடுமாறிட்ட. நேத்துச் சோதனையும் அதைத்தான் சொல்லுது. மேல்மட்ட ஆட்டத்துல இது நிக்காது" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் மேடத்திடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் சொல்லித்தான் நான் அப்படி ஓடினேன், இல்லாவிட்டால் இரண்டாம் பாதியிலும் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்றேன். மேடம் முகம் மாறிவிட்டது. டேப்லெட் வைத்திருந்தவரைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது கோச்சிங். நம்ம எடுக்கிறது பிளேயரை" என்றார். மேடம் மறுபடியும் ஏதோ வாதாடினார். அவர் திரையைத் திருப்பி முந்தின நாள் சோதனைக் கணக்கைக் காட்டினார். மேடம் என் பக்கம் வந்து, தோளில் கைவைத்து, "நீ வந்து சொன்னது நல்லது" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அவள் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். அத்தாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாம்மா" என்றார். அவள் தோப்பும்படி பஸ்ஸில் ஏறியிருந்தாள். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உடைந்து அழுதாள். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைகள் அழுவது போல அழுதாள். முன் சீட்டு அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியைக் கொடுத்தேன், அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள். "எனக்குப் புத்தி இல்ல. அம்மாகிட்ட நான் என்ன சொல்வேன்? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

மன்னித்துக்கொள் என்று சொல்வதா, நன்றி என்று சொல்வதா? இரண்டுமே அந்த நேரத்தில் அசிங்கமாகத் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

தோப்பும்படி வந்தது. கும்பளங்கி பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்திருக்க, என்னைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "அந்த முதல் கோல்ல நீ திரும்பினியே, எனக்குத் தெரிஞ்சும் என்னால ஒண்ணும் செய்ய முடியல. நல்லா இருந்தது எடீ. ரெண்டாம் பாதிதான் ஆட்டம். முதல் பாதியெல்லாம் ஒரு ஆட்டமா?"

சொல்லிவிட்டு அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

இப்போது நான் அந்த அணியில்தான் இருக்கிறேன், கல்லூரியிலும் படிக்கிறேன். அவள் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பெருநாளுக்குத் துணி எடுக்க அம்மாவோடு போனபோது பார்த்தேன். கூட்ட நெரிசலிலும் என்னைக் கண்டுவிட்டு, சுரிதார் துணியை விரித்துக் காட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரில் இன்னும் ஆடுகிறாளாம். விடுமுறை கிடைக்கும்போது நானும் போகிறேன். அந்தத் துண்டு நிலத்தில் நான் உதைத்த பந்துகள் தண்ணீரில்தான் விழுகின்றன. போய் எடுத்து வரும்வரை கரையில் நின்று எல்லோரும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள், அவள்தான் முதலில்.

கிளப்பில் எங்களை அடிக்கடி சோதிப்பார்கள். அதே கம்பங்கள், அதே பீப் சத்தம். இப்போதும் பட்டியலில் என் பெயர் மேலேதான் வருகிறது, அத்தா இப்போதும் போனைக் காட்டி சாயா வாங்கித் தருகிறார். நான் தடுப்பதில்லை, அவர் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும்? ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தைக் கேட்டு இரண்டடி வந்து திரும்பும் அந்த ஒரு கணத்தில், என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்கிறது. ஓடுகிற வேகம் என்னுடையது, ஓடிப் போய்ச் சேருகிற இடம் அவள் விட்டுக் கொடுத்தது.